பருவம் பாராத பிடிவாதம்

உயிர்கள் அநாதியே ஆணவமலத்தான் மறைக்கப்பட்டுக் கிடப்பன என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. அம்மலம் உயிரின்கண் புலப்பட்டுத் தோன்றும் வாயில்கள் பல. அவற்றுள் யாவரும் நாள்தோறும் கண்டுவைத்தும் இன்னதென்று பிரித்தறியாது மயங்குவது பிடிவாதம் என்பது. தான் கொண்டதே கொள்கை, தான் எண்ணியதே நடத்தற்குரியது, தான் குறித்த நேரமே நேரம் என்று நிற்கும் உள்ளத்தின் முரட்டு நிலைக்கு அப்பெயர் வழங்குகின்றது. நூலோர் இதனைத் தற்போதம் என்றும், தன்முனைப்பு என்றும் கூறுப.

இச்சொல்லை உலகத்தார் ஆளுமாறு நோக்கின் ஒரு வியப்புத் தோன்றும். தன்னைப் பிடிவாதக்காரன் என்று ஒப்புக்கொள்வான் ஒருவனும் இலன். தான் நின்றால் அஃது உறுதி. பிறன் நின்றால் அது பிடிவாதம். வலியான் ஒருவன் மெலியான்மேல் இப்பெயரை ஒருமுறை ஏற்றிவிடுவானாயின், அதன்பின் மெலியான் கூறும் முறையீடு முறையீடாகக் கேட்கப்படுவதில்லை. வழக்கு அவ்வளவிலே தீர்ந்துபோம். ஆகலின், இச்சொல் எவர்க்கு உரியது என்னும் ஆராய்ச்சி வெறுஞ்சொல்லாராய்ச்சியன்று. ஒருவருடைய வயலும் வாழ்வும் அதனைப் பற்றி நிற்றலும் அழிதலும் உண்டு. இதற்குக் கடலூர் மாவட்டத்து வளையமாதேவியில் 2023ஆம் ஆண்டு நிகழ்ந்தது சான்றாகும்.

வளையமாதேவி சேத்தியாத்தோப்பை அடுத்ததோர் உழவூர். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றிற்று. அடுத்த ஆண்டே சுரங்கப்பணி தொடங்கிற்று. மேன்மண் முழுவதையும் அகழ்ந்து நீக்கி அடியிலுள்ள நிலக்கரியை எடுக்கும் திறந்தவெளிச் சுரங்க முறையே ஆண்டுக் கையாளப்படுவது. ஆதலின், சுரங்கம் வளருந்தோறும் வயல் குறையும், ஊர் பெயரும், ஆறும் வழி மாறும். இரண்டாம் சுரங்கத்தின் விரிவுக்காகப் பரவனாற்றைப் புதிய கால்வாய் வழியே திருப்ப வேண்டிற்று. அதற்குரிய நிலம் 2006க்கும் 2013க்கும் இடையே கையகப்படுத்தப்பட்டதென்பது நிறுவனத்தார் கூற்று. ஆயின், எழுத்தளவில் கைமாறிய நிலம் அதன்பின்னும் பல்லாண்டு உழவர் கையிலேயே இருந்தது. அவர் உழுதனர், விதைத்தனர், அறுத்தனர். 2023 ஜூலை 26ஆம் நாள், காவலர் பெருந்தொகையினராய்ச் சூழ்ந்து நிற்ப, பொக்லைன் என வழங்கும் மண்வாரி இயந்திரங்கள் பச்சை நெல் நின்ற வயலுக்குள் இறங்கிக் கால்வாய் அகழ்ந்தன. பயிர் வேரொடு மண்ணுள் புரண்டது.

வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. நிலத்தைப் பெற்றுப் பல்லாண்டு வாளா விட்டிருந்தவர், அறுவடை முடியும்வரை இரண்டு திங்கள் பொறுத்தலாகாதா என்று நீதிபதி வினவினார். நீரின்றித் துவண்ட பயிரைக் கண்டு நெஞ்சு நொந்த வடலூர் இராமலிங்க அடிகளாரையும் அவர் நினைவுகூர்ந்தார். பின்னர், அழிந்த பயிர்க்கு ஏக்கரொன்றுக்கு 40,000 ரூபாய் ஈடு வழங்குமாறும், எஞ்சிய பயிரை உழவர் அறுத்துக்கொண்டு செப்டம்பர் 15ஆம் நாளுக்குள் நிலத்தை ஒப்படைக்குமாறும் நீதிமன்றம் ஆணையிட்டது. இது நிகழ்ந்தவாறு.

இனி, இத்தகைய வழக்குக்களில் உழவரையே பிடிவாதக்காரர் என்று பழிப்பார் உளர். அவர் கூறும் ஏதுக்கள் மூன்று. நிலம் சட்டப்படி பெறப்பட்டுவிட்டது. அதன்கண் மீட்டும் விதைத்தவர் செய்தது முரண்டேயாம் என்பது ஒன்று. நிலக்கரியால் மின்னாற்றல் பிறக்கின்றது. பல்லாயிரம் வீடுகட்கு விளக்காவதற்குச் சில வயல்கள் அழிதல் தகும் என்பது இரண்டு. மூன்றாவது, சைவ நூல் பயின்றார் சிலர் வாயினின்றே பிறப்பது: மண்ணாசை பாசம், பற்றினை விடுதலே ஞானம், ஆகவே நிலத்தை விடமாட்டேன் என்பார் பாசத்திற் கட்டுண்டவர் என்பது. மற்றையிரண்டினும் இம்மூன்றாவதே கொடிது, என்னை? அது சித்தாந்தத்தின் பெயரால் சித்தாந்தத்தைக் கொல்லுதலின். இவற்றின் பொருந்தாமை முறையே காட்டப்படும்.

சட்டம் என்று கூறுவார்க்கு விடை: சட்டம் இன்றியமையாதது, அதனை இகழ்தல் சைவர்க்கு வழக்கன்று. ஆயினும், ஒரு செயல் சட்டத்திற்குள் அடங்கிற்று என்பதொன்றே அஃது அறமாதற்குப் போதாது. திருவாரூரில் ஆண்ட மனுநீதிச் சோழன்பால் அமைச்சர், கன்றைக் கொன்றதற்கு நூல் விதித்த கழுவாய் உண்டென்றே கூறினர். அவர் கூறியது பொய்யன்று, விதி இருந்தது. அரசன் விதியை நோக்கினானல்லன்; மணியை அசைத்த தாய்ப்பசுவின் முகத்தை நோக்கினான். அதன் துயரத்தைத் தானும் உறுதலே முறையென்று துணிந்து, தன் ஒரே மகனை இழக்கவும் ஒருப்பட்டான். அதனைச் சேக்கிழார் பெருமான் தம் புராணத்தின் முகப்பிலேயே வைத்தருளினார். உழவர் விதைத்தது குற்றம் என்றே ஒருவர் வாதிப்பினும், விதைத்தபொழுது தடுத்தலும் களைபறித்தபொழுது தடுத்தலும் கைகூடாமற்போயினமை யாது பற்றி? பயிர் வளர்ந்தபின் அதனை அழித்துச் சட்டத்தை நாட்டுதல், சட்டத்தின்மேல் வைத்த அன்பன்று. தம் சொல் வென்றது என்று காட்டும் விருப்பமே என்க.

விளக்குக்காக என்பார்க்கு விடை: விளக்கு நன்றே. இருள் நீக்கும் பணியைச் சைவம் போற்றுமளவு வேறெந்நெறியும் போற்றியதில்லை. ஆயின், அவ்விளக்குக்கு நெய் எவரிடமிருந்து வந்தது என்பதையும் சைவம் உடன் நோக்கும். கணம்புல்ல நாயனார் தில்லையில் விளக்கிடும் பணி பூண்டு, செல்வம் தொலைந்தபின் புல்லரிந்து விற்று நெய் வாங்கினார். புல்லும் விலைபோகாத நாளில் அப்புல்லையே திரித்து எரித்தார். அதுவும் போதாதாயபொழுது தம் தலைமயிரையே விளக்கில் மாட்டி எரித்தார். அயலான் கூரையைப் பிடுங்கி எரித்தாரல்லர். தம்மை எரித்து ஏற்றியது விளக்கு; பிறரை எரித்து ஏற்றியது தீ. மேலும், ஈண்டு நிகழ்ந்த வழக்கு மின்னாற்றல் வேண்டுமா வேண்டாவா என்பதன்று. கால்வாய் வேண்டுமா வேண்டாவா என்பதுமன்று. காலம் தாழ்ப்பின் சுரங்கப்பணி தடைப்படும் என்றனர் நிறுவனத்தார். பல்லாண்டு தாழ்த்தது அவர் கையில் இருந்த காலம். இறுதியில் இரண்டு திங்கள் தாழ்த்தலாகாது என்று மிதிக்கப்பட்டது உழவன் கையில் இருந்த பயிர். ஒருவருடைய தாழ்ப்புக்கு மற்றொருவர் தண்டம் இறுத்தல் எந்நூல் முறை?

இனிப் பாசம் என்பார்க்கு விடை: பற்று விடுதல் ஞானமே. ஆயினும், ஒருவன் விடத்தக்கது தன் பற்றே. பிறன் கைப்பொருளைத் தான் துறந்தேன் என்று கூறும் துறவி உலகில் இலன். உளனாயின் அவனுக்குப் பெயர் வேறு. பசித்தவனிடம் உண்டியாசையை விடுக என்றும், குடிபெயர்க்கப்பட்டவனிடம் மண்ணாசையை விடுக என்றும் கூறுவார், தம் பதவியாசையையும் பொருளாசையையும் விட்டபின் கூறுவாராக. அன்றியும், விளைநிலத்து நிற்கும் நெல் உழவன் ஒருவனுடைய உடைமை மட்டுமன்று. அது விருந்தினர்க்கு உணவு, அடியார்க்கு அமுது, கோயிலிற் படைக்கப்படும் திருவமுது, பறவைக்கும் பங்குடையது. அதனைக் காக்க நிற்பவன் நிலை மமகாரமாதலினும், தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட உயிரைக் காக்கும் கடனாதலே மிகும். இளையான்குடிமாற நாயனார், மழையிருளில் வந்த விருந்தினர்க்கு உணவின்மையால், அன்று பகல் விதைத்த முளைநெல்லை நள்ளிரவிற் சென்று வாரிவந்து அமுதாக்கினார். விதைத்த நெல்லை வாருதல் ஆண்டும் உண்டு, ஈண்டும் உண்டு. ஆண்டு வாரியது தம் வயலில். வாரிய கை உடையவர் கை. வாரியது பசித்தவர் உண்ண. இவ்வேற்றுமையைக் காணாதார் துறவு பேசுதல் எற்றுக்கு?

அற்றேல், பிடிவாதம் இது, உறைப்பு இது என்று துணிதற்கு அடையாளம் யாது எனின், கூறப்படும்.

முதலாவது அடையாளம், நிலையின் பாரத்தைச் சுமப்பவர் யார் என்பது. உறைப்புடையார் நிலையால் வரும் இடர் அவர் மேலதாகும். பிடிவாதக்காரன் நிலையால் வரும் இடர் பிறர் மேலதாகும். மனுவேந்தனும் கணம்புல்லரும் இளையான்குடிமாறரும் முற்கூறியதற்குச் சான்று.

இரண்டாவது, எவர்முன் வளைவது என்பது. வளையமாதேவியிருக்கும் மாவட்டத்திலேயே திருவாமூரில் தோன்றியவர் திருநாவுக்கரசர். பல்லவ மன்னன் ஆணைக்கு அவர் பணிந்தாரல்லர். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லொடு பிணித்துக் கடலில் இட்டதும் அவரை அசைக்கவில்லை. அவரை அமைச்சர் பிடிவாதக்காரர் என்றே எண்ணியிருத்தல் கூடும். அப்பெரியாரே, திருஞானசம்பந்தப் பிள்ளையார் எழுந்தருளுகின்றார் என்று கேட்டுப் பூந்துருத்தியில் கூட்டத்துள் மறைந்து புகுந்து, அவர் சிவிகையைத் தம் தோளிற் சுமந்தார். ஆண்டில் முதியவர் இளையவரைச் சுமந்தார். வலியார்முன் நிமிர்ந்து, அடியார்முன் வளைந்தது அவ்வுள்ளம். தன்முனைப்பின் இயல்போ இதற்கு நேர்மாறு; அது வலியார்முன் வளையும்; மெலியார்முன் நிமிரும். எனவே ஒருவனது நிலையை அளத்தற்கு அவன் எவ்வளவு அசையாது நின்றான் என்று நோக்கற்க; எவர்முன் அசையாது நின்றான் என்று நோக்குக.

மூன்றாவதும் தலையாயதுமான அடையாளம், பருவம் பார்த்தல் என்பது. இதற்கு எடுத்துக்காட்டு அடியாரை விடுத்து ஆண்டவன்பாலே காணற்பாலது. இறைவன் முற்றுமுணர்ந்தவன், முடிவிலாற்றலுடையவன், உயிரைத் தன்னடிக்கீழ் இருத்தலே அவன் திருவுள்ளம். அங்ஙனமாயின், ஒரு நொடியில் எல்லா உயிரையும் மலத்தினின்று பிடுங்கி எடுத்துவிடாமை யாது பற்றி? ஆற்றல் இன்மையாலன்று, அருளுடைமையாலே என்க. இருவினையொப்பு வரவேண்டும், மலம் பரிபாகம் எய்தவேண்டும், அதன்பின்னரே சத்தி பதிதல். அதுவரை அவன் உயிரொடு உயிராய் உடனின்று, எண்ணிறந்த பிறவிதோறும் காத்திருக்கின்றான். நஞ்சுண்டவனும் முப்புரம் எரித்தவனுமாகிய அவன், ஒரு புழுவின் உயிர்க்கும் அதன் பருவம் வருமளவும் பொறுக்கின்றான். இதனை நாள்தோறும் பாடங்கேட்டவர், நெல்லின் பருவத்திற்கு இரண்டு திங்கள் பொறாமையைப் பொதுநலம் என்று பாராட்டுதல் எத்துணைப் பேதைமை! எல்லாம் வல்லவன் பொறுக்க, சிறிது வல்லவன் பொறாமையே பிடிவாதம் என்று அறிக.

இராவணன் கதையும் இதுவே கூறும். அவன் ஊர்தி கயிலைமலைக்கு நேரே தடைப்பட்டது. விலகிப் போதற்கு வழி இருந்தது. சற்றே நின்று வணங்கிப் போதற்கும் வழி இருந்தது. இரண்டும் அவனுக்குத் தோன்றவில்லை. மலையையே பெயர்த்தெறிய முற்பட்டான். தன் வழியில் நிற்பது எதுவோ அது பெயரத்தக்கது என்பதே தன்முனைப்பின் தருக்க நூல். ஆயினும், விரலூன்றப்பட்டு அலறியவன் பின்னர்ப் பாடிப் பணிந்தபொழுது வாளும் நாளும் பெற்றான். திருஞானசம்பந்தர் தம் திருப்பதிகங்களின் எட்டாம் பாட்டில் இவன் செய்தியைப் பெரும்பாலும் வைத்தருளினமை, குற்றம் செய்தானும் உணர்ந்து திருந்தின் உய்வான் என்பது உணர்த்தற்கே. ஆகவே, வலியார்மேல் ஈண்டுக் கூறியன அவரை வெறுத்தற்கல்ல. அவர் உணர்தற்கே என்று கொள்க.

நடுவுநிலையில் மற்றொன்றும் கூறவேண்டும். ஜூலை 28ஆம் நாள் நெய்வேலியில் நிகழ்ந்த போராட்டம் கல்லெறியிலும் கண்ணீர்ப்புகையிலும் முடிந்தது. காவலரும் பிறரும் காயமுற்றனர். காவலன் ஒருவன் தலையிற் கல்லெறிந்த கை, பயிருக்காக எறிந்ததாயினும், அந்நொடியில் உறைப்பினின்று வழுவிப் பிடிவாதத்திற் புகுந்தது. தன் நிலையின் பாரத்தை அது பிறன்மேல் ஏற்றிற்று. நல்ல வழக்குடையார் உள்ளத்தும் ஆணவம் வாயில் தேடிக் காத்திருக்கும். அங்ஙனமாயினும், கல்லெறிந்த சிலர் குற்றத்தைக் காட்டி, விதைத்த பலர் வழக்கைப் புதைத்தல் நேர்மையன்று.

பிடிவாதம் தன்னைத் தானறியாமைக்குக் காரணம் உமாபதிசிவனார் திருவருட்பயனில் இருண்மலநிலை என்னும் அதிகாரத்தில் விளக்கினார். புறத்திருள் பிறபொருளை மறைத்தாலும் இருள் உளது என்று தன்னையேனும் காட்டும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்து நிற்கும். இருட்டறையில் இருப்பவன் இருளில் இருக்கின்றேன் என்று அறிவான். ஆணவத்தில் இருப்பவன் ஒளியில் இருக்கின்றேன் என்றே எண்ணுவான். இதனாலன்றோ பயிரை மிதித்தவர்க்கு மிதித்தது முன்னேற்றமாகவும், மிதிபட்டவர் கூக்குரல் முரண்டாகவும் தோன்றுகின்றது! இருபா இருபஃது ஆணவத்தின் குணங்களை எண்ணுமிடத்து நகையையும் ஒன்றாக எண்ணியது காண்க. அழுவாரைக் கண்டு நகைத்தலும் அம்மலத்தின் தொழிலே.

இறுதியாக, மெய்கண்டார் மரபில் வந்தோர் எவரும் மறத்தற்காகாத வரலாறு ஒன்றுண்டு. அதுவும் இந்நிலப்பகுதிக்கே உரியது. மெய்கண்டதேவர் தோன்றிய பெண்ணாகடமும், அருணந்திசிவாசாரியார் வாழ்ந்த திருத்துறையூரும் இக்கடலூர் மாவட்டத்து ஊர்களே. சகலாகம பண்டிதர் என்னும் சிறப்புப்பெயர் உடையவர் அருணந்தியார். மெய்கண்டாரோ அப்பொழுது இளம்பிள்ளை. மாணாக்கர்க்கு ஆணவமலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்த அப்பிள்ளையாரை அணுகி, ஆணவத்தின் இயல்பு யாது என்று பண்டிதர் நின்றவாறே வினவினார். மெய்கண்டார் வாய்திறந்து ஒன்றும் கூறிற்றிலர். வினவியவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை நோக்கினார். அவ்வளவே. ஆணவம் தம் வடிவிலேயே நிற்கின்றது என்று உணர்ந்த அருணந்தியார், அவர் திருவடியில் வீழ்ந்தார். வீழ்ந்தமையாலன்றோ சிவஞானசித்தியார் உலகிற்குக் கிடைத்தது!

அவர் பிறரைச் சுட்டி வினவினார். விடை அவரையே சுட்டிற்று. உழவனைச் சுட்டிப் பிடிவாதம் என்பார்மேலும் அந்நோக்கம் விழற்பாலது. சைவ உலகம் அதற்குப் புறம்பன்று. கோயிலில் முதன்மரியாதை எவர்க்கு என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடுவாரும், ஒரு பாட்டின் பாடபேதத்திற்காக உடன்கற்றாரொடு பேசாதொழிவாரும், தம் நிலைக்குக் கொள்கைப்பற்று என்று பெயரிட்டு, களத்துமேட்டில் நின்று அழுதவன் நிலைக்கு மட்டும் பிடிவாதம் என்று பெயரிடுவரேல், சிவஞானபோதத்துப் பத்தாம் சூத்திரம் கூறும் இறைபணியை அவர் பாடங்கேட்டது செவியளவிலேயாம். தன்செயல் அற்று அவன்செயலில் நிற்றலே அப்பணி. அவன்செயலோ பொறுத்தல், பருவம் பார்த்தல், மெலிய உயிரொடு உடனிருத்தல்.

ஆகலின், நிறுவனம் நடத்துவார்க்கும் அரசியல் நடத்துவார்க்கும் உரைக்கற்பாலது இது: நிலம் வேண்டுமாயின் முறையாற் கேட்க, உரிய விலையைக் குறைவின்றிக் கொடுக்க, பெயர்க்கப்படுவார்க்கு வாழ்வு அமைத்தபின் பெயர்க்க, விதைத்துவிட்டனராயின் அறுக்கும்வரை பொறுக்க. அங்ஙனம் பொறுத்தல் உழவர்க்குச் செய்யும் அருளன்று, கடன். சைவ நன்மக்கட்கு உரைக்கற்பாலது இது: ஒருவனைப் பிடிவாதக்காரன் என்று கூற வாய்திறக்குமுன், அவன் நிலையின் பாரம் எவர்மேல் விழுகின்றது, அவன் எவர்முன் நிற்கின்றான், அவன் எதன் பருவத்திற்காகக் காத்திருக்கின்றான் என்னும் மூன்றையும் ஆராய்க. ஆராயாது கூறின், அச்சொல்லே கூறுவானுடைய பிடிவாதத்திற்குச் சான்றாய் நிற்கும்.

வளையமாதேவி உழவர் கேட்டது நெல் முதிரும் காலம். அதனைப் பிடிவாதம் எனின், உயிர் முதிரும் காலம் பார்த்துக் காத்திருக்கும் பெருமானை யாதென்று கூறுவது?

திருச்சிற்றம்பலம்.